ஒரு சைஸ் பெரிசா வாங்கினா காத்து வருமா?

கொச்சி மட்டாஞ்சேரியில் ஹெல்மெட் பேச்சை எடுத்தால் தீர்ப்பு தயாராக இருக்கும். பெரிய தலைக்காரனுக்கு இந்த ஊர்ப் புழுக்கத்தில் முழு ஹெல்மெட் ஒத்து வராது, உச்சந்தலையை மட்டும் மூடும் சட்டி ஹெல்மெட் போதும். அதற்கு மனசு இடம் கொடுக்காவிட்டால் முழு ஹெல்மெட்டையே ஒரு சைஸ் கூட்டி வாங்கு, காற்று வரும். பஜார் ரோட்டில் மூட்டை இறக்குகிறவர் முதல் வண்டி மெக்கானிக் வரை இதையே சொல்கிறார்கள். சாலையோரக் கடைக்காரருக்கோ இதுதான் வியாபார மந்திரம்: "சேட்டா, கொஞ்சம் லூசா எடுத்துக்கோங்க, தலைக்கு நல்லா காத்து கிடைக்கும்."

இதில் ஒரு துளி உண்மை உண்டு, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பேலஸ் ரோட்டில் எதிரே ஒரு லாரியும் பின்னால் ஒரு தள்ளுவண்டியும் நிற்க, நடுவில் ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டவருக்கு எந்த ஹெல்மெட்டும் குளிர்ச்சி தராது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு தணியும். கொச்சிக் காற்றிலோ ஏற்கனவே ஈரம் நிரம்பிக் கிடக்கிறது. காற்று அசைந்தாலொழிய வியர்வை காயாது, வழியும். ஹெல்மெட்டின் காற்றுத்துளைகள் வண்டி ஓடும்போது உண்டாகும் அழுத்த வித்தியாசத்தை நம்பியிருப்பவை. வண்டி நின்றால் அவையும் நின்றுவிடும். ஆகவே சிக்னலில்கூட ஜில்லென்று இருக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். ஆனால் இந்த உண்மையிலிருந்து தளர்வான ஹெல்மெட்டுக்கும் சட்டி ஹெல்மெட்டுக்கும் தாவுகிறார்களே, அங்கேதான் தப்பு.

தளர்வாக இருந்தால் காற்று வரும் என்ற வாதத்தை முதலில் எடுப்போம். ஹெல்மெட்டுக்குள் காற்று எப்படிப் போகிறது என்று பார்த்தாலே இது உடைந்துவிடும். தாடைப் பக்கமும் நெற்றிக்கு மேலும் உள்ள துளைகளில் காற்று நுழைகிறது. உள்ளே இருக்கும் தெர்மாகோலில் வெட்டப்பட்ட வாய்க்கால்கள் வழியாக அது உச்சந்தலையைக் கடந்து பின்னால் போகிறது. ஓடும் ஹெல்மெட்டின் பின்புறம் அழுத்தம் குறைவு. அங்குள்ள துளைகள் சூடான காற்றை வெளியே இழுக்கின்றன. தலைக்கும் பஞ்சுக்கும் நடுவே விட்ட இடைவெளிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. தளர்ந்த ஹெல்மெட் தன் எடைக்கு முன்னே சரிந்து புருவத்தில் உட்காரும். நெற்றித் துளை நெற்றிக்கு நேராக இருக்காது. வாய்க்கால் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாகப் போய்விடும். கூடவே கழுத்துப் பக்கம் திறந்துகிடப்பதால் காற்று கீழிருந்து புகுந்து ஹெல்மெட்டைத் தூக்கப் பார்க்கும், இரைச்சலும் கூடும். தோப்பும்படி பாலத்தின் மேல் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது லூசான ஹெல்மெட் போட்டவர்கள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

இதெல்லாம் சௌகரியக் கணக்குதான். விழும்போது நடப்பது வேறு. தளர்ந்த ஹெல்மெட் முதல் அடியில் சுழலும், இரண்டாவது அடிக்குத் தலையில் இருக்குமா என்பதே சந்தேகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டை வாரால் பத்திரமாகப் பிணைத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். 2023 ஜூன் 5 முதல் கேரளத்துச் சாலைக் கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கியதும் தலைகள் மூடப்பட்டன, சந்தோஷம். மேலே இருந்து எடுத்த படத்தில் ஹெல்மெட் தெரியும், அது பொருந்தியிருக்கிறதா என்பது தெரியாது. 500 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து வாங்கிய ஹெல்மெட் 500 ரூபாயைத்தான் காப்பாற்றும்.

"என் தலைக்கு சைஸே கிடையாது" என்பது அடுத்தது. இப்படிச் சொல்கிறவர்களில் பலர் தலையை அளந்து பார்த்ததே கிடையாது. தையற்கடை டேப்பை எடுத்துப் புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்த இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். இரண்டு மூன்று முறை அளந்து, வந்ததில் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டு ஹெல்மெட்டுகளில் அளவு மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும்: 580 என்றால் மீடியம், 600 லார்ஜ், 620 எக்ஸ்ட்ரா லார்ஜ். பெட்டிக்கடை அளவிலான வியாபாரிகள் விற்றுப்போகும் 580-ஐயும் 600-ஐயும் மட்டும்தான் அடுக்கிவைக்கிறார்கள். அங்கே நுழையாத தலை உலகத்தில் எங்கும் நுழையாது என்று முடிவு கட்டிவிட்டு வெளியே வருகிறோம். 620-ம், சில மாடல்களில் அதற்கு மேல் ஒரு சைஸும் தயாரிக்கத்தான் செய்கிறார்கள். சொல்லி வரவழைக்க வேண்டும், சில நாள் பொறுக்க வேண்டும்.

சுற்றளவு பாதிக் கதைதான். தலையின் வடிவம் மீதிப் பாதி, அதை யாரும் கேட்பதில்லை. சிலருக்கு முன்பின் நீண்ட தலை, சிலருக்கு உருண்டைத் தலை. ஹெல்மெட்டுகளும் அப்படியே கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். போட்ட சில நிமிடத்தில் நெற்றி வலித்து, காதுப் பக்கம் இடம் மிச்சமிருந்தால் உங்கள் தலை அந்த ஹெல்மெட்டைவிட நீளம். பொட்டுகள் இரண்டும் நெரிபட்டு, நெற்றியில் விரல் நுழைந்தால் தலை உருண்டை. இரண்டு சந்தர்ப்பத்திலும் நம் ஆட்கள் செய்வது ஒன்றே: அதே மாடலில் அடுத்த சைஸ். வலி போய்விடும், கூடவே பிடிப்பும் போய்விடும். மாற்ற வேண்டியது மாடலை.

பெரிய தலைக்காரர்கள் கடைக்காரரிடம் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்த மாடலுக்கு வெளி ஓடு எத்தனை அளவில் வருகிறது? விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் எல்லா சைஸுக்கும் ஒரே ஓடுதான். உள்ளே பஞ்சைக் கூட்டிக் குறைத்து சைஸை உண்டாக்குகிறார்கள். அதில் பெரிய சைஸ் என்றால் பஞ்சு மெலிந்துபோன ஹெல்மெட் என்று அர்த்தம். பஞ்சு மெலிந்தால் வியர்வை உறிஞ்சவும் ஆளில்லை, காற்று ஓடவும் வழியில்லை. இரண்டு மூன்று அளவில் ஓடு செய்கிற மாடலில் பெரிய ஓடு கொஞ்சம் கனம் கூடுதலாக இருக்கும், ஆனால் வாய்க்கால் வாய்க்காலாக இருக்கும்.

புது ஹெல்மெட் கன்னத்தை அழுத்தத்தான் வேண்டும். பேசும்போது கன்னத்தின் உட்புறம் பல்லில் லேசாகப் பட்டால் சரியான அளவு. கன்னப் பஞ்சு சில வாரங்களில் அடங்கிவிடும். வாரைப் பூட்டி, பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளினால் கழன்று வரக்கூடாது. இடவலமாக ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். கடையிலேயே ஒரு கால் மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அதற்கு முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

"ஊருக்குள்ளே இருபதில் போகிறவனுக்கு எதுக்கு முழு ஹெல்மெட்?" மட்டாஞ்சேரிக்காரர்களின் செல்ல வாதம் இது. ஜூ டவுன் சந்துகளையும் மசாலாக் கிடங்குகளின் நெரிசலையும் பார்த்தால் நியாயமாகக்கூடத் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. நிற்கிற வண்டியிலிருந்து சாய்ந்து, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர். வண்டியின் வேகம் பூஜ்யமாக இருக்கும்போதே இவ்வளவு. ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிக்கும் வேகமும் ஏறக்குறைய இதுவேதான். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு அங்கே நொடிக்கு 7.5 மீட்டர், அடியின் ஆற்றலில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நல்ல காற்றோட்டம் வேண்டுமென்று ஸ்கூட்டரில் சைக்கிள் ஹெல்மெட் போட்டுப் போகிறவர்கள் இதை யோசிக்கலாம். கட்டட வேலைக்கான மஞ்சள் தொப்பியோடு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது மேலிருந்து விழும் செங்கல்லுக்காகச் செய்தது.

சட்டி ஹெல்மெட்டில் காற்று வரும் என்பது மெய். காதும் பொட்டும் தாடையும் வெளியே இருந்தால் வராமல் என்ன செய்யும். ஜெர்மனியின் ஹானோவர் விபத்து ஆய்வில் ஹெல்மெட்டின் மேல் விழுந்த அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் பதிவாகியிருந்தது. முழு ஹெல்மெட் நிஜமாகவே மூச்சு முட்டுகிறது என்றால், காதையும் பின்மண்டையையும் மூடுகிற, முகம் திறந்த ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டுக்கு இறங்குங்கள். என் கணக்கில் அது இரண்டாம் தரம், ஆனால் தரம். சட்டி அந்தக் கணக்கிலேயே சேராது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ். 4151 தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால் உண்மையா போலியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

துளை கூடினால் காற்று கூடும் என்கிறார்களே? வெளியே ஆறு துளை காட்டி, உள்ளே ஒன்றுகூடத் தெர்மாகோலைத் தாண்டாத ஹெல்மெட்டுகள் அலங்கார விளக்கோடு அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. உள்துணியைக் கழற்றச் சொல்லி, துளைக்கு வெளியே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி உள்ளே வந்தால் காற்றும் வரும். பின்பக்கம் வெளியேறும் துளை இருக்கிறதா என்பது முன்பக்கத்தை விட முக்கியம். இடவப்பாதி மழைக்கு உச்சித் துளையை மூடும் வசதி வேண்டும், இல்லாவிட்டால் ஜூன் மாதத்தில் மண்டையில் சொட்டும். தாடைத் துளையை மழையிலும் திறந்தே வையுங்கள், கண்ணாடியில் மூச்சுப் பனி படியாமல் அதுதான் பார்த்துக்கொள்ளும். நெரிசலில் உதவப்போவது, கண்ணாடியை ஒரு பல் மட்டும் தூக்கி நிறுத்த முடிகிற பூட்டு. துளைகளுக்குக் கொடுக்கும் காசைவிட அதற்குக் கொடுப்பது உத்தமம்.

இப்போது ஹெல்மெட்டில் மாட்டும் கூலர்கள் வந்திருக்கின்றன. நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பவை உலர்ந்த ஊர்களுக்கு ஏற்றவை. கொச்சி ஈரத்தில் அவற்றின் பலன் வெகுவாகக் குறையும். 2023-ல் அகமதாபாத் போக்குவரத்துப் போலீசாருக்குச் சோதனையாகக் கொடுத்த மின்விசிறி ஹெல்மெட்டுகளின் யோசனை இங்கே இன்னும் கொஞ்சம் பொருந்தும், இடுப்பில் பேட்டரி கட்டிக்கொள்ள மனமிருந்தால். நானாக இருந்தால் அந்தப் பணத்தில் கழற்றித் துவைக்கும் உள்துணி இரண்டு ஜோடி உள்ள மாடலாக வாங்குவேன். மழைக்காலத்தில் ஒன்று காய மூன்று நாளாகும் ஊர் இது.

கறுப்பு ஹெல்மெட் தலையை வேகவைக்கும் என்பதற்கும் ஒரு வார்த்தை. தோப்பும்படி துறைமுகத்தில் ஐஸ் உருகாமல் மீன் அனுப்பும் வெள்ளைப் பெட்டியும் ஹெல்மெட்டின் உட்கூடும் ஒரே பொருள். வெளிவெயில் அதைத் தாண்ட நேரமாகும். உள்ளே நீங்கள் உணரும் சூட்டில் பெரும்பங்கு உங்கள் தலையுடையது. வெள்ளையை வாங்கச் சொல்ல எனக்கு வேறு காரணம் உண்டு. நியூசிலாந்தில் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், கறுப்பை விட வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு விபத்துக் காய ஆபத்து 24 சதவீதம் குறைவு. எதிரே வருகிறவன் கண்ணில் படுகிறோம், அவ்வளவுதான்.

முடி கொட்டும் என்று பயப்படுகிறவர்களின் அப்பாவையும் தாய்மாமனையும் பாருங்கள். ஆண்களின் வழுக்கை மரபணுவும் ஹார்மோனும் செய்கிற வேலை. துவைக்காத உள்துணியில் பொடுகு வளரும் என்பது சரி, துவைத்தால் போகும். ஹாரன் கேட்காது என்கிறவர்களுக்கு: கொச்சித் தனியார் பஸ்ஸின் ஹாரன் எந்த ஹெல்மெட்டுக்கும் அடங்கியதில்லை.

மிச்சமிருப்பது, "பழசே நல்லாத்தான் இருக்கு". உள்ளிருக்கும் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது, நசுங்கியது மறுபடி எழாது. ஒரு முறை தலையோடு விழுந்த ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே தீர்ந்துபோயிருக்கலாம். விழாமலேயே இருந்தாலும் வியர்வையும் எண்ணெயும் வெயிலும் பஞ்சையும் பசையையும் தின்கின்றன. பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைத்தால் பிளாஸ்டிக் ஓடு வலுவிழக்கும். ஐந்து வருடத்தில் மாற்றுங்கள் என்று கம்பெனிகள் சொல்வதை வியாபாரத் தந்திரம் என்று சிரிப்பவர்கள் கன்னப் பஞ்சை அழுத்திப் பார்க்கட்டும். பஞ்சு அடங்கிப்போன 600-ம் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிய ஹெல்மெட்டும் தலையில் ஒன்றுபோலத்தான் ஆடும்.

புதிது வந்ததும் பழையதைத் தம்பிக்கோ கடைப் பையனுக்கோ கொடுத்துவிடாதீர்கள், பழைய சாமான்காரரிடம் முழுசாகப் போடவும் வேண்டாம். துடைத்து மினுக்கி அது சாலையோரத்துக்கே திரும்பி வரும். வாரை இரண்டு பக்கமும் அடியோடு வெட்டி, பிறகு போடுங்கள்.