எரிமருந்தும் உயிர்மருந்தும்

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு முதற்பொருள் நோய் தீர்ப்பது அன்று, எரிவது. மருந்து கலப்பவர், மருந்து செலுத்துபவர், மணிமருந்து உருட்டுபவர் என்று உழைப்பவரைச் சுட்டும் வழக்கு அங்குண்டு. திருவள்ளுவப் பெருந்தகையோ 'மருந்து' என ஓர் அதிகாரமே வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்றார். கந்தக நிலத்தில் அந்நான்கனுள் முதலாவதற்குக் குறைவே இல்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி வெடிப்பில் முப்பதுக்கு மேற்பட்டோரும், 2021 பிப்பிரவரி 12-ஆம் நாள் அச்சங்குளம் வெடிப்பில் இருபதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். மருந்தில் உழைத்து, மருந்தால் எரிந்து, மருந்துக்கு அலையும் அம்மக்களின் வீட்டிலிருந்து ஒரு மருத்துவர் எழுவதற்கு வழி திறந்திருக்கிறதா என்பதே இங்கு எழும் வினா.

அறிவுக் குறைவைக் கரணியமாகக் காட்ட எவராலும் இயலாது. மேனிலைத் தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டில் பல்லாண்டுகள் தொடர்ந்து தமிழ்நாட்டின் முதலிடத்தைப் பெற்றது விருதுநகர் மாவட்டம். பள்ளிப் படிப்பை இடையிலேயே விட நேர்ந்து, தாம் இழந்த கல்வியைப் பிறர் மக்களேனும் பெறுக என ஊர்தோறும் பள்ளி திறந்து, 1956-இல் நண்பகல் உணவும் அளித்த காமராசர் பிறந்த மண் அது.

அதே மண்ணில்தான் விடியுமுன் தீப்பெட்டித் தொழிற்சாலை வண்டிகள் சிற்றூர்களில் வந்து நின்று சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றன. குழந்தையுழைப்பைத் தடுக்க 1986-இல் சட்டம் வந்தது. சிவகாசியை முன்வைத்த வழக்கில் 1996 திசம்பர் 10-ஆம் நாள் உச்ச வழக்குமன்றம், சட்டத்தை மீறிப் பணியில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 உருபா செலுத்துமாறு வேலை கொடுத்தவர்களுக்கு ஆணையிட்டது. அன்று அவ்வண்டிகளில் ஏறிய சிறுமியர் இன்று தாய்மார். அவர்தம் மக்களே இன்று பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதுபவர்கள். அவர்களுள் ஒருத்தி மருத்துவம் பயில விரும்பினால், அவள் கடக்க வேண்டிய படிகள் எத்தனை!

குலச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதற்பட்டதாரிச் சான்று, பயின்ற பள்ளிகளின் சான்றுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டும். துண்டுக் கூலிக்கு உழைக்கும் தந்தை அலுவலகப் படியேறும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட் கூலியை இழக்கும் நாளாகும். மேனிலைத் தேர்வுக்குப் படிக்கும் நெருக்கடியின் நடுவிலேயே நீட் தேர்வுக்குரிய இணையவழி விண்ணப்பத்தையும் முடித்தாக வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் திருத்திக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. இவற்றையெல்லாம் கடந்தபின் நிற்பது நீட் என்னும் பெருங்கதவு. அதன் திறவுகோல் பள்ளியிற் கிடைப்பதில்லை. பணங்கொடுத்துப் பெறும் தனிப்பயிற்சியிலேயே கிடைக்கிறது.

தமிழ்நாடு நுழைவுத் தேர்வைப் பட்டறிந்து விலக்கிய நாடு. 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு புகுந்தது. அதனால் சிற்றூர் மாணவர் பின்தள்ளப்பட்டமை கண்டு, குடியரசுத் தலைவரின் இசைவோடு 2007-இல் சட்டவழியே அது நீக்கப்பட்டது. ஆயினும் நடுவண் அளவிலான நீட் தேர்வு வந்தது. 2013 சூலையில் அதனைத் தள்ளிய உச்ச வழக்குமன்றமே 2016 ஏப்பிரலில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017 முதல் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கை அத்தேர்வின் கைக்குள் சென்றது. மேனிலைத் தேர்வில் 1200-க்கு 1176 பெற்ற குழுமூர் அனிதா, உச்ச வழக்குமன்றம் வரை சென்று முறையிட்டும் பயன் காணாது அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் உயிர் நீத்தார். எந்தக் கல்லூரியின் எந்த இடமும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும்.

இத்தேர்வு யாரைத் தடுத்தது என்பதை 2021-இல் அமைந்த நடுவர் ஏ.கே. இராசன் குழு ஆய்ந்து காட்டியது. நீட்டுக்கு முன் மருத்துவக் கல்லூரிகளிற் சேர்ந்தோருள் தமிழ்வழிப் பயின்றோர் நூற்றுக்குப் பதினான்கு என்னும் அளவில் இருந்தனர்; நீட்டுக்குப் பின் அந்த எண் இரண்டு என்னும் அளவுக்குத் தாழ்ந்தது. முன்பு பெரும்பாலோர் பள்ளியை முடித்த ஆண்டிலேயே சேர்ந்தனர். 2020-21-இலோ பத்தில் ஏழு பேரளவில், ஒருமுறைக்கு மேல் அத்தேர்வை எழுதியவராயிருந்தனர். ஓராண்டு முழுதும் மகனையோ மகளையோ வேலைக்கு அனுப்பாமல் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் ஏந்து, மழை பெய்தால் அன்றைய கூலியை இழக்கும் வீட்டில் எவ்வாறு இருக்கும்?

வினாத்தாள் தமிழிலும் தரப்படுகின்றதே என்பார் உளர். 2018-ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைபட்டிருந்தது. சிறுத்தை என்று வரவேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சிட்டிருந்தனர். உயர் வழக்குமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவிற்கு 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் தருமாறு சூலை 10-ஆம் நாள் ஆணையிட்டது. உச்ச வழக்குமன்றம் முதலில் அதனை நிறுத்தி, பின்னர் அவ்வாண்டே நீக்கியும் விட்டது. பிழை செய்தவர் தேர்வு நடத்தியவர். இழப்பை ஏற்றவர் தமிழில் எழுதியவர். தமிழில் எழுதியது ஒன்றே அம்மாணவர் செய்த குற்றம் போலும்!

நீட்டிலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2017-இலும் 2021-இலும் சட்ட வரைவுகளை நிறைவேற்றிற்று. 2021-இன் வரைவை ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்பிரவரி 8-ஆம் நாள் அவை அதனை மீண்டும் நிறைவேற்றிற்று. இரண்டு முயற்சிகளுக்கும் குடியரசுத் தலைவரின் இசைவு மறுக்கப்பட்டது. பின்னதற்கு மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்பிரல் 4-ஆம் நாள் அவையில் அறிவிக்கப்பட்டது. கல்வி மாநிலத்தின் கையை விட்டுப் போனதன் விளைவு இது. அவ்வுரிமையை மீட்கும் வரை போராட்டம் ஓயாது, ஓயவும் கூடாது.

எனினும், அதுவரை கைகட்டி நிற்றலும் ஆகாது. தமிழ்நாட்டின் கைக்குள்ளேயே இருக்கும் ஒரு கருவி 2020-இல் பயன்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீடு அளிக்கும் சட்டத்தை அவ்வாண்டு செப்டம்பரில் அவை நிறைவேற்றிற்று. ஆளுநர் காலந்தாழ்த்தினார். அரசு அக்டோபர் 29-ஆம் நாள் ஆணையாகவே அதனை வெளியிட்டது. மறுநாளே ஆளுநரின் இசைவும் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளி மாணவரே மருத்துவ இடம் பெற்றிருக்க, முதலாண்டிலேயே முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பெற்றனர். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணத்திற்கு அஞ்சி மாணவர் சிலர் கண்ணீரோடு திரும்பிய செய்தி பரவியபின், அவர்தம் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 ஏப்பிரலில் உயர் வழக்குமன்றமும் இச்சட்டம் செல்லும் என்றது.

இச்சட்டம் பெரும்பேறு, ஆனால் அதில் ஓர் இடைவெளி உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கே அது பொதுவாகப் பயன்படும். அரசுதவி பெறும் பள்ளிகளை அது தழுவவில்லை. விருதுநகர் மாவட்டத்துக்கு இது சிறு குறையன்று. காமராசர் பயின்ற பள்ளி ஊரார் பிடியரிசி திரட்டி வளர்த்த பள்ளி. அவ்வாறு மக்கள் முயற்சியால் எழுந்த பள்ளிகள் பல இன்று அரசுதவி பெறும் பள்ளிகளாக நிற்கின்றன. தீப்பெட்டி ஒட்டும் தாயின் மகள் அத்தகைய பள்ளியொன்றில் தமிழ்வழியே படித்தால் அவளுக்கு அவ்வொதுக்கீடு இல்லை. அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் படித்தவர்க்கு உண்டு. பின்னவர்க்குக் கிடைப்பதைப் பறித்தல் வேண்டா. முன்னவளை மறந்தது முறையா என்பதே வினா.

ஆகலின், தமிழ்நாட்டரசு செய்யத்தக்கது ஒன்றுண்டு: அரசுப் பள்ளியாயினும் அரசுதவி பெறும் பள்ளியாயினும், தமிழ்வழியே பயின்ற ஏழை மாணவர்க்கெனத் தனி உள்ளொதுக்கீடு. இதற்கு முன்மாதிரியும் உண்டு. தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இலேயே தமிழ்நாட்டில் வந்துள்ளது. பணியிற் செல்லும் முறை படிப்பிற் செல்லாதோ? 2017-இல் மாநிலப் பாடத்திட்ட மாணவர்க்கு 85 விழுக்காடு ஒதுக்கிய ஆணை ஒரு திங்களுக்குள் வழக்குமன்றத்தில் வீழ்ந்தது. 2020-இன் சட்டம் நிலைத்தது. பின்னதற்கு முன் நடுவர் கலையரசன் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்து, அரசுப் பள்ளி மாணவரின் பின்னடைவை எண்களோடு நிறுவியிருந்தது. அத்தகைய ஆணையமொன்று தமிழ்வழி மாணவர்க்கும் அமைதல் வேண்டும். முதற்படி அதுவே.

தமிழிற் படித்தவர் ஆங்கிலத்தில் நடக்கும் மருத்துவப் படிப்பைத் தாங்குவரோ என்று சிலர் ஐயுறுவர். நீட்டுக்கு முன் தமிழ்வழி வந்தோர் தாங்கினர், பட்டம் பெற்றனர், மருத்துவம் பார்க்கின்றனர். மருத்துவத்தைத் தமிழே தாங்கும் என்பதற்கும் சான்றுண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் அறுபதின்மர்க்கு மேற்பட்டோரை மருத்துவராகப் பயிற்றினார்; பிற்காலத்தில் தமிழிலேயே பயிற்றினார். உடற்கூற்றியல், அறுவை மருத்துவம், மகப்பேற்று மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளின் நூல்கள் அவர் முயற்சியால் தமிழாயின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டார் ஒருவர் தமிழின்மேல் வைத்த நம்பிக்கையைத் தமிழரே வைக்கத் தயங்குதல் நாணத்தக்கது.

விருதுநகரில் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12-ஆம் நாள் திறக்கப்பட்டது. தீயில் வெந்தவரின் மொழியை அறிந்து, அவர் எந்த மருந்தால் எரிந்தார் என்பதைக் கேளாமலே உணரும் மருத்துவர் அங்கு உருவாதல் வேண்டும். அத்தகையோர் கூலி வீடுகளில்தான் பிறந்திருக்கின்றனர். ஆகவே சட்டம் திருந்தும் வரை ஊர்தோறும் தமிழாசிரியர்களும் தமிழன்பர்களும் ஆற்ற வேண்டிய பணி ஒன்றுண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே அத்தகைய பிள்ளைகளைக் கண்டறிக. சான்றுகளை முன்கூட்டியே பெற்றுத் தருக. விண்ணப்ப நாளில் உடனிருக்க. கட்டணத்தை அரசு ஏற்கும் என்பதைப் பெற்றோர்க்கு வீட்டிற்கே சென்று சொல்லுக. பிடியரிசியால் பள்ளி கட்டிய மக்களுக்கு இஃது அரிய செயலன்று.