உறையில் அச்சிட்ட எண்ணை நம்பிப் படுக்காதீர்கள்

ஹமொக் எனப்படும் தொங்குபடுக்கை இப்போது எம்மவர் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. கோடை வந்தால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினர்கள் மரத்துக்கு மரம் கட்டிப் படுத்திருக்கும் படங்களை அனுப்புகிறார்கள். இங்கேயும் சில வளவுகளில் காண்கிறேன். அதில் எனக்கு எவ்வித முறைப்பாடும் இல்லை. எனது முறைப்பாடெல்லாம் அதனைத் தாங்கும் பொருளைப் பற்றியது. துணியின் நிறத்தைத் தெரிவு செய்ய ஒரு மணித்தியாலம் செலவிடுவோர், தம்மைத் தாங்கப்போகும் பட்டியைத் தெரிவு செய்ய ஒரு நிமிடமும் செலவிடுவதில்லை. விற்பனையாளர் உறைக்குள் சுருட்டி வைத்த மெல்லிய கயிறே போதும் என்கிறார்கள். போதாது.

பத்திரிகைத் தொழிலில் நான் முதலில் கற்ற பாடம், எவரேனும் ஓர் எண்ணைத் தந்தால் அது எதனை அளந்து பெற்றது என்று கேட்பதாகும். உறையில் ‘200 கிலோ தாங்கும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எது தாங்கும்? துணியா, கயிறா, கொளுக்கியா? அது அறுந்துபோகும் எல்லையா, அன்றாடம் ஏற்றத்தக்க பாரமா? எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கோணத்தில்?

கோணம்தான் இங்கே முழு விடயமும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கையில், பட்டி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால், ஒவ்வொரு பக்கப் பட்டியிலும் 80 கிலோவுக்குச் சமமான இழுவை ஏற்படும். தொய்வின்றி அழகாக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டி அதனை 10 பாகையாக்கினால், இழுவை ஏறத்தாழ 230 கிலோ. 5 பாகையாக்கினால் ஏறத்தாழ 460 கிலோ. படுத்தவர் பருக்கவில்லை, கட்டியவரின் அழகுணர்ச்சிதான் பருத்திருக்கிறது. தொப்பென்று விழுந்து அமர்பவருக்கு இந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

இந்த இழுவை பட்டியோடு நின்றுவிடுவதில்லை. கட்டிய இடத்தையும் பக்கவாட்டில் இழுக்கிறது. 2020இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், செங்கல் தூணொன்றில் கட்டிய தொங்குபடுக்கையில் இருந்த இரு சிறுமியர், அத்தூண் சரிந்து வீழ்ந்ததில் உயிரிழந்தனர். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும் கற்றூண், பக்கவாட்டு இழுவையைத் தாங்கும் என்று எண்ணுவது தவறு. மதில் முனைகளுக்கும் படலைத் தூண்களுக்கும் இது பொருந்தும். முருங்கை பருத்தாலும் தூணாகாது என்பதை எம்மவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதைச் சொன்னவுடன் ஒரு பதில் வருவது வழக்கம். “எங்கட அம்மம்மா பழஞ்சீலையிலை ஏணை கட்டி எட்டுப் பிள்ளையளை வளர்த்தவ, அவ என்ன பட்டியே வாங்கினவ?” உணர்ச்சிமிக்க வாதம், ஆனால் பொருந்தாத வாதம். ஏணையின் இரு தலைப்புகளும் ஒரே வளையில் சேர்ந்து நேர்கீழாகத் தொங்குகின்றன. குழந்தை 5 கிலோ என்றால், ஆடாதிருக்கையில் வளைக்கு வருவதும் அந்த 5 கிலோவும் சேலையின் எடையும் மாத்திரமே. இரு மரங்களுக்கிடையே சேலையை விறைக்கக் கட்டி அம்மம்மா எவரையும் அதில் கிடத்தவில்லை. அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. அவர் பெயரைச் சொல்லி வாதிடுவோருக்குத்தான் தெரியவில்லை.

கடையில் கேட்கவேண்டிய முதற் கேள்வி, பட்டி எந்த இழையால் நெய்யப்பட்டது என்பது. அண்மையில் ஒரு கடையில் இதனைக் கேட்டேன். “இது இம்போர்ட்டட்” என்று பதில் வந்தது. பொலியெஸ்டர் பட்டியே உகந்தது: அதிகம் நீளாது, நீரை உறிஞ்சாது, வெயிலை ஓரளவு தாங்கும். நைலோன் உறுதியானதுதான். ஆனால் அது இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். இரவில் படுத்தவர் விடியலில் நிலத்தைத் தொட்டிருப்பார். பொலிப்புரொப்பிலீன் மலிவு, ஆனால் வெயிலில் விரைவாக நொய்ந்துபோகும். சிறு துண்டை நீருக்குள் பிசைந்து காற்றை வெளியேற்றிப் பாருங்கள். அப்படியும் மிதந்தால் அது பொலிப்புரொப்பிலீன். ஐரோப்பாவில் இருப்போருக்கு இன்னும் இலகு. லொறிகளில் சரக்குக் கட்டும் பட்டியின் அடையாளச் சீட்டு நீலமானால் பொலியெஸ்டர், பச்சையானால் நைலோன், கபிலமானால் பொலிப்புரொப்பிலீன்.

அகலம் 1 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கொய்யா போன்ற மெல்லிய பட்டை மரங்களுக்கு 2 அங்குலம். இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்கும் பாதை மரப்பட்டைக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது. மெல்லிய கயிறு அதனை அரிந்து, மரத்தைச் சுற்றிவர வளையமாக வெட்டிவிட்டால், மரம் நின்றபடியே பட்டினியால் சாகும். நிழலுக்காகத் தேடிச் சென்ற மரத்தைக் கொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. தென்னையின் காயமோ ஆறுவதேயில்லை. தேங்காய் விழும் என்பது வேறு விடயம்.

இனிப் பழக்குதல். இதனை வீண்வேலை என்று நகைப்போரும் உளர். புதிய பட்டியின் நெசவுக்குள் தளர்ச்சி இருக்கிறது; முதற் சில பாரங்களில் இழைகள் நெருங்கிப் படியும், தையல் இறுகும், பட்டி நீளும். அதனால் முதல் நாளே உயரக் கட்டி ஏறிப் படுப்பது அறிவீனம். ஒருமுறை நனைத்து நிழலில் உலர்த்துங்கள், கழரும் சாயம் கழரட்டும். பிறகு தாழக் கட்டி, 50 கிலோ அரிசி மூட்டையொன்றைத் துணியில் கிடத்தி ஓர் இரவு விடுங்கள். காலையில் தையலைப் பாருங்கள், தொய்வை எடுத்து மீண்டும் கட்டுங்கள். இரண்டு மூன்று முறையில் நீட்சி அடங்கிவிடும். அதன் பின்னும் கதிரையின் உயரத்துக்கு மேல் கட்டவேண்டாம். வாகனத்தில் கட்டி இழுத்தால் ஒரே நாளில் பழகிவிடும் என்று சில கெட்டிக்காரர் சொல்கிறார்கள். அது பழக்குவதன்று. வெளியே தெரியாதபடி இழைகளை அறுத்துவிட்டுப் பட்டியை மடித்து வைப்பது. முடிச்சுப் போடுவதும் ஏறத்தாழ அப்படித்தான்: முடிச்சின் வளைவில் பட்டி தன் வலுவில் பெரும்பங்கை இழக்கும். தைத்த கண்ணியுள்ள பட்டியை வாங்குங்கள்.

நான்காம் இரவும் தொய்ந்துகொண்டே போகும் பட்டியைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் மறுத்தால், புடலம் பந்தல் கட்ட அது தாராளமாகப் போதும்.