சீனியர் அனுப்பின வேர்ட் ஃபைல்

ஆறாவது செமஸ்டர் ஆரம்பித்தால் போதும், எல்லா டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு மெசேஜ் வந்து விழும். "சீனியர் ரெசுமே யார்கிட்டயாவது இருக்கா? பிடிஎஃப் வேணாம், வேர்ட் ஃபைலா போடுங்க." ஏன் வேர்ட் ஃபைல் என்று சொல்லவே வேண்டாம். பெயர், போட்டோ, சிஜிபிஏ, போன் நம்பர் மாற்றினால் வேலை முடிந்தது. அந்த சீனியரும் தன் சீனியரிடம் இப்படித்தான் வாங்கியிருப்பார். பூர்வீகச் சொத்து மாதிரி கைமாறி வருகிறது அந்த ஃபைல்.

அதில் முதலில் இருப்பது 'கரியர் அப்ஜெக்டிவ்'. என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் உதவும் சவாலான பணி வேண்டும் என்று ஒரு வரி. அந்த வரியை அழித்துவிட்டால் நம்மைப் பற்றி ஏதாவது தகவல் குறையுமா? குறையாது. அப்பா பெயர், மதம், கல்யாணம் ஆனதா இல்லையா, கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்று ஒரு உறுதிமொழி, இதெல்லாமும் அப்படித்தான். கம்பெனி கேட்டால் கொடுக்கலாம். கேட்காதபோது ஒரு பக்கத்தில் கால் பக்கத்தை இதற்கே கொடுப்பது வீண்.

என்னைக் கேட்டால், ரெசுமே என்பது இன்டர்வியூவுக்கு நாமே தயாரித்துக் கொடுக்கிற கேள்வித்தாள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நம்மைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் பெரும்பாலும் முதல் கேள்வியே வரும். செமஸ்டர் எக்ஸாமுக்கு இப்படி ஒரு சான்ஸ் கிடைத்தால் சிலபஸில் இல்லாததைக் கேள்வியாக வைப்போமா? ரெசுமேயில் அதைத்தான் செய்கிறோம். சி, ஜாவா, பைத்தான், மேட்லேப், ஆட்டோகேட் என்று வரிசையாக எழுதி, ஐந்துக்கு நாலு ஸ்டார் வேறு. "பைத்தான்ல லிஸ்ட்டுக்கும் டியூப்பிளுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டதும் நாலு ஸ்டாரும் உதிர்ந்துவிடும். இரண்டே மொழி எழுதி, அதில் என்ன செய்தோம் என்று ஒரு வரி சேர்ப்பது எவ்வளவோ மேல்.

ப்ராஜெக்ட் பகுதிதான் இதில் முக்கியம். 'ஐஓடி முறையில் ஸ்மார்ட் பாசனம்' என்று தலைப்பு மட்டும் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "நாலு பேர் டீம். மண் ஈரப்பத சென்சாரை ஈஎஸ்பி32 போர்டில் இணைத்து, ஈரம் குறைந்தால் ரிலே வழியாக மோட்டார் ஓடும்படி செய்தோம். கோடிங் என் பங்கு. முதலில் போட்ட ரெசிஸ்டிவ் சென்சார் மண்ணில் அரித்துப்போனதால் கெபாசிட்டிவ் சென்சாருக்கு மாறினோம்." அந்தக் கடைசி வரிதான் விஷயம். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்தால் கிட்டும் ரிப்போர்ட்டும் கிடைக்கும். எது சொதப்பியது, ஏன் மாற்றினோம் என்ற அனுபவம் கிடைக்காது. அது செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பொய்யைச் சேர்ப்பதோடு உண்மையை மறைக்கவும் செய்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வீட்டில் விசைத்தறி வைத்திருக்கும் மெக்கானிக்கல் மாணவன், லீவுக்குப் போகும்போதெல்லாம் தறியைப் பிரித்துப் பூட்டுகிறான். ரெசுமேயில் இருப்பதோ 'இன்-பிளான்ட் ட்ரெயினிங், 5 நாள்'. அந்த 5 நாளும் மெஷினைத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்ததுதான். அப்பாவின் மளிகைக் கடைக் கடன் கணக்கை எக்செலில் போட்டுக் கொடுத்தவள் அதை எழுதக் கூச்சப்படுகிறாள். ஞாயிறு தோறும் கேட்டரிங் வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டியவன், பந்தியில் இருநூறு பேரைச் சமாளித்ததைச் சொல்லாமல், 'லீடர்ஷிப் ஸ்கில்ஸ்' என்று இரண்டு வார்த்தை காப்பி அடிக்கிறான்.

இது எல்லோரையும் ஒரே அளவு பாதிப்பதில்லை. ஐடியில் வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் ஒரு போன் காலில் ரெசுமே சரியாகிவிடும். முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கிச் சேர்ந்த நம்மில் பலருக்கு, வீட்டில் இதைப் படித்துத் திருத்த ஆள் கிடையாது. அவர்கள்தான் அந்த வேர்ட் ஃபைலை வேதவாக்காக நம்புகிறார்கள்.

"மச்சி, கட்-ஆஃப் வெச்சுத்தான் ஃபில்டர் பண்றாங்க, ரெசுமேயை யாரு படிக்கிறா?" என்று கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மொத்தமாக ஆள் எடுக்கும் கம்பெனிகள் மார்க், அரியர், ஆப்டிட்யூட் டெஸ்ட் பார்த்துத்தான் முதலில் கழிக்கும். ஆனால் அதைத் தாண்டி இன்டர்வியூ அறைக்குள் போனதும் கையில் இருப்பது இந்தத் தாள்தான். ஆஃப்-கேம்பஸில் தேடுபவர்களுக்கு முதல் கதவே இதுதான். அங்கே பல கம்பெனிகள் ரெசுமேயை முதலில் சாஃப்ட்வேரிடம் கொடுக்கின்றன. இரண்டு காலம், டேபிள், ஐகான், ஸ்டார் எல்லாம் அதைக் குழப்பலாம். ஒரே காலம், சாதாரண எழுத்து, பிடிஎஃப் போதும். வேலை விளம்பரத்தில் இருக்கும் சொற்களில் நமக்கு உண்மையாகப் பொருந்துவதை அப்படியே எடுத்து எழுதலாம்.

ப்ளேஸ்மென்ட் செல் ஒரு ஃபார்மட் கொடுத்தால் அதிலேயே எழுதுவோம், தப்பில்லை. சீனியர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: ஃபைலை அனுப்புவதற்குப் பதில் அரை மணி நேரம் உட்காருங்கள். ஜூனியரின் ரெசுமேயில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராத வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அடித்தது போக அரைப் பக்கம்தான் மிஞ்சுகிறதா? பரவாயில்லை, அந்த அரைப் பக்கம் சொந்தச் சரக்கு. மீதியை நிரப்ப இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கிறது.