"ஒண்ணும் இருக்காது" திலகங்களுக்கு ஒரு வார்த்தை

கடந்த ரெண்டு மாசத்துல நான் அதிகமா கேட்ட வாக்கியம் எதுன்னா, "ஒண்ணும் இருக்காது". சொன்னவங்க: எங்க அண்ணன், மச்சினர், எதிர் வீட்டு ரிட்டையர்டு தாசில்தார், மருந்துக் கடைப் பையன், ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல உக்காந்திருக்கற பொண்ணு. இதுல ஒருத்தர்கூட என் நுரையீரலை எட்டிப் பார்த்தவங்க கிடையாது. எட்டிப் பார்த்த ஒரே ஆள் ரேடியாலஜிஸ்ட். அவர் "ஒண்ணும் இருக்காது"ன்னு எழுதலை. "வலது மேல் மடலில் 7 மி.மீ. நாட்யூல், 6 மாதம் கழித்து மறுபடி சி.டி. எடுத்துப் பார்க்கவும்"னுதான் எழுதினார்.

கதைச் சுருக்கம். தீபாவளிக்கு முன்னாடி ஸ்கூட்டர்ல வழுக்கி விழுந்தேன். விலா எலும்பு போச்சோன்னு சந்தேகத்துல சி.டி. எடுத்தாங்க. எலும்பு தப்பிச்சது, இந்தப் புள்ளி மாட்டிக்கிச்சு. டாக்டர் நல்லாவே விளக்கினார்: இந்த மாதிரி புள்ளிகள்ல பெரும்பாலானது பழைய தொற்றோட தழும்பு, நம்ம ஊர்ல டி.பி. வந்து ஆறின தடமாகூட இருக்கும், அவசரப்பட வேண்டாம், சித்திரை கடைசியில வாங்க. சரின்னு வந்துட்டேன். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாசியில இருமல் ஆரம்பிச்சது. மூணு வாரம் ஆகியும் போகலை. சாயங்காலமானா தொண்டை கட்டி, குரல் ஏதோ தகர டப்பாவுக்குள்ளேர்ந்து பேசற மாதிரி ஆச்சு. மாடிப்படி ஏறினா நடுவுல ஒரு தடவை நிக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில சளியில மெல்லிசா சிவப்பு நூல். இதோட ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டா கிடைச்ச பதில், "சார், உங்களுக்கு 6 மாசம்னுதானே போட்டிருக்கு? அதுக்கு முன்னாடி எடுத்தா பிரயோஜனம் இல்லை. ஒண்ணும் இருக்காது, தேதிக்கு வாங்க."

இங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது (சளியில வந்தது போக மிச்சம் இருக்கறது).

அந்த 6 மாசம் எங்கேர்ந்து வருதுன்னு பார்ப்போம். ஃப்ளெய்ஷ்னர் சொசைட்டின்னு நெஞ்சுப் படம் பார்க்கற நிபுணர்களோட அமைப்பு ஒண்ணு 2005ல ஒரு வழிகாட்டி போட்டு, 2017ல திருத்தினாங்க. தற்செயலா கண்ணுல பட்ட கெட்டியான ஒத்தைப் புள்ளி 6 மி.மீ.க்குக் கீழ இருந்து, ஆளுக்கு ரிஸ்க்கும் கம்மின்னா, பொதுவா தொடர்ந்து பார்க்க வேண்டியதில்லை. 6லேர்ந்து 8 மி.மீ.ன்னா 6 முதல் 12 மாசத்துல ஒரு சி.டி. அதுக்கு மேலன்னா 3 மாசத்துல சி.டி., இல்லன்னா பெட் ஸ்கேன், இல்லன்னா சதை எடுத்துப் பார்க்கறதுன்னு யோசிக்கணும். 35 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கும், ஏற்கெனவே புற்றுநோய் வந்தவங்களுக்கும், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாதுன்னு அவங்களே தெளிவா சொல்லியிருக்காங்க.

ஏன் இவ்வளவு இடைவெளி? காரணம் கணக்கு. கெட்டியான புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் 100லேர்ந்து 400 நாளுக்குள்ள கன அளவுல ரெண்டு மடங்காகும். ஆனா ஒரு உருண்டை கன அளவுல ரெண்டு மடங்கானா குறுக்களவு 26 சதவீதம்தான் கூடும். என்னோட 7 மி.மீ. 8.8 மி.மீ. ஆகும், அவ்வளவுதான். அடுத்த மாசமே எடுத்துப் பார்த்தா வளர்ந்ததா, இல்லை போன தடவை மூச்சை வேற மாதிரி இழுத்துப் பிடிச்சேனான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால காத்திருக்கச் சொல்றாங்க. நியாயம்.

ஆக அந்தத் தேதி ஒரே ஒரு கேள்விக்கான தேதி: "இது வளருதா?" சளியில ரத்தம் வந்தவன் கேக்கறது வேற கேள்வி: "எனக்கு என்ன ஆச்சு?" முதல் கேள்வியோட தேதியை ரெண்டாவது கேள்விக்குப் பதிலா நீட்டறது, ரேஷன் கடையில அரிசி கேட்டவன்கிட்ட கரண்ட் பில்லை நீட்டற மாதிரி.

இன்னும் ஒரு விஷயம். 7 மி.மீ. புள்ளி நுரையீரலுக்குள்ள தனியா கிடந்தா பொதுவா இருமலும் வராது, வலியும் வராது. நுரையீரல் சதைக்கு வலி உணர்ற நரம்பு கிடையாது. அதனாலதான் இதெல்லாம் வேற எதுக்காகவோ படம் எடுக்கும்போது தற்செயலா மாட்டுது. அப்போ யோசிங்க. என் இருமலுக்குக் காரணம் அந்தப் புள்ளி இல்லைன்னா, அந்தப் புள்ளியோட ஸ்கேனுக்காக நான் ஏன் காத்திருக்கணும்? காரணம் அந்தப் புள்ளிதான்னா, நான் எப்படிக் காத்திருக்கலாம்? ரெண்டு பக்கத்துல எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் "தேதிக்கு வாங்க" தப்பான பதில். இதை அந்த ரிசப்ஷன்ல சொன்னேன். "டாக்டர் லீவு சார்"னு சொல்லிட்டாங்க.

அடுத்து மருந்துக் கடை. இருமல்னு சொன்ன உடனே ஒரு சிரப், கூடவே 5 லீவோஃப்ளாக்சசின் மாத்திரை. சீட்டு கேக்கலை, பேர் கேக்கலை, ரத்தம் வந்துதான்னு கேக்கலை. லீவோஃப்ளாக்சசின் டி.பி. கிருமியையும் கொஞ்சம் அமுக்கற மருந்துங்க. டி.பி. இருக்கறவன் அதைத் தின்னா நாலு நாளைக்கு நல்லா இருக்கற மாதிரி இருக்கும், சளியில கிருமி சிக்காம போகும், நோயைக் கண்டுபிடிக்கறது தள்ளிப் போகும். உலகத்துலயே டி.பி. அதிகமா இருக்கற நாட்டுல, ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா சளியை டெஸ்ட் பண்ணுங்கன்னு அரசாங்கமே கத்திக்கிட்டிருக்கற நாட்டுல, இதை மிட்டாய் மாதிரி எடுத்துக் குடுக்கறாங்க. சளி டெஸ்ட் அரசு ஆஸ்பத்திரியில இலவசம். அந்தப் பலகையைத் தாண்டித்தான் பாதிப் பேர் மருந்துக் கடைக்கு வர்றான்.

இதுக்கு எதிர்க்கோடியும் உண்டு. படத்துல நிழல் தெரிஞ்சா போதும், சளிகூடப் பார்க்காம "டி.பி.யாத்தான் இருக்கும்"னு 6 மாச மாத்திரையை எழுதிடறது. நுரையீரல் புற்றுநோயை டி.பி.ன்னு நினைச்சு மாசக்கணக்குல மாத்திரை தின்னு, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களைப் பத்தி நம்ம நாட்டு டாக்டர்களே பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. அதுவும் "ஒண்ணும் இருக்காது"வோட ஒண்ணுவிட்ட தம்பிதான். பரிசோதிக்காம முடிவு சொல்ற ஜாதி.

எதிர் வீட்டுத் தாசில்தார் சொன்னது: "நீங்கதான் சிகரெட்டே பிடிக்க மாட்டீங்களே, அப்புறம் என்ன?" ஐயா, சிகரெட்தான் முதல் குற்றவாளி, ஒத்துக்கறேன். ஆனா அது ஒண்ணுதான் குற்றவாளின்னு யாரும் சொல்லலை. விறகடுப்புப் புகை, பக்கத்துல இருக்கறவன் விடற புகை, வண்டிப் புகை எல்லாம் கூட்டாளிங்க. வெளிக்காற்று மாசையே புற்றுநோய் உண்டாக்கும்னு 2013ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு பட்டியல்ல சேர்த்தாச்சு. இந்த "சிகரெட் இல்லையே" வாதத்துக்கு இன்னொரு முகம் இருக்கு, அது இன்னும் அசிங்கம். பிடிச்சவன் இருமினா "அனுபவி ராஜா"ன்னுட்டுப் போறது. பிடிக்காதவனுக்கு ஒண்ணும் இருக்காதாம், பிடிச்சவனுக்கு வேணுமாம். மொத்தத்துல ரெண்டு பேரையும் யாரும் டாக்டர்கிட்ட அனுப்ப மாட்டாங்க.

சித்தி தூதுவளையும் ஆடாதோடையும் குடுத்து அனுப்பினாங்க. அவங்க மேல கோபம் இல்லை. ஆடாதோடையில இருக்கற வாசிசின்லேர்ந்துதான் ப்ரோம்ஹெக்சின்ங்கற இருமல் மருந்தையே வடிச்சாங்க, பாட்டி வைத்தியம்னு தள்ள முடியாது. ஆனா சளியை இளக்கறது வேற, சளியில ஏன் ரத்தம்னு தெரிஞ்சுக்கறது வேற. கஷாயத்தைக் குடிச்சுட்டு டாக்டரையும் பார்க்கலாம், சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் சொல்லணும். பயந்து பயந்து ஸ்கேன் எடுக்கறதும் நோய்தான். அமெரிக்காவுல 53,000க்கு மேற்பட்ட புகைப்பழக்கக்காரர்களை வெச்சு நடத்தின ஆய்வோட முடிவு 2011ல வந்தது. சி.டி.யில சந்தேகம்னு வந்ததுல ஏறத்தாழ 96 சதவீதம் புற்றுநோய் இல்லை. அதே ஆய்வுல, எக்ஸ்ரே எடுத்த கூட்டத்தைவிட சி.டி. எடுத்த கூட்டத்துல நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைஞ்சதும் உண்மை. ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும். சாதாரண நெஞ்சு சி.டி.க்கு 6, 7 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உண்டு, குறைந்த டோஸ்ல எடுத்தா சுமார் 1.5. சும்மா மாசாமாசம் எடுக்கற சமாச்சாரம் இல்லை. நான் கேட்டதும் அது இல்லையே! யாராவது ஒரு டாக்டர் என்னை உக்கார வெச்சு நாலு கேள்வி கேளுங்கன்னுதானே கேட்டேன்.

கடைசியில அது நடந்தது, நேர்ல போய் ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்காந்ததுக்கு அப்புறம். மருமக வயசுல ஒரு டாக்டரம்மா. முதல் கேள்வியே, "பி.பி.க்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" ராமிப்ரில். அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் குடுக்குமாம், மாசக்கணக்குல தின்னதுக்கு அப்புறம்கூட ஆரம்பிக்கலாமாம். மாத்திக் குடுத்தாங்க. "ஆனா ரத்தத்துக்கு அது காரணமா இருக்காது சார்"னும் சொன்னாங்க. சளி டெஸ்ட், எக்ஸ்ரே, காது மூக்கு தொண்டை டாக்டருக்குச் சீட்டு. குரலுக்கு எதுக்குன்னு கேட்டேன். இடது பக்கக் குரல் நரம்பு நேரா தொண்டைக்குப் போறதில்லையாம், நெஞ்சுக்குள்ள இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுத்திக்கிட்டு மறுபடி மேல ஏறுதாம். வழியில எங்க அழுத்தம் வந்தாலும் குரல் மாறலாம். அதனால குரல் கட்டு மூணு வாரத்துக்கு மேல போனா குரல்வளையைப் பார்த்துடணுமாம். பத்தே நிமிஷம். "பயப்படாதீங்க"ன்னு ஒரு தடவைகூடச் சொல்லலை அந்தப் பொண்ணு. ரெண்டு மாசத்துல நான் நிம்மதியா தூங்கினது அன்னிக்கு ராத்திரிதான்.

இருமி நிறைய ரத்தம் வந்தா, உக்காந்த இடத்துலயே மூச்சு வாங்கினா, முகமும் கழுத்தும் வீங்கினா இந்தப் பத்து நிமிஷத்துக்கும் காத்திருக்கக் கூடாது, நேரா அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கன்னும் எழுதிக் குடுத்திருக்காங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன். இந்தச் சீட்டை முதல் நாளே குடுத்திருக்கலாமில்ல? "6 மாசம் கழித்து வரவும்"கற வரிக்குக் கீழ "நடுவில் இதெல்லாம் வந்தால் உடனே வரவும்"னு ஒரு வரி. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

அந்தம்மா ஒரு நோட்டும் போடச் சொன்னாங்க: தேதி, இருமல், ரத்தம் வந்ததா, சாயங்காலக் காய்ச்சல், வாரம் ஒரு தடவை எடை. அண்ணன் அதைப் பார்த்துட்டு, "எப்பப் பார்த்தாலும் நோயையே நினைச்சுட்டிருக்கே, பாசிட்டிவா இரு"ங்கறார். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து இருமறவனுக்கு நினைக்க வேற என்ன இருக்கு, கிரிக்கெட் ஸ்கோரா? எழுதி வெச்சுட்டா அது நோட்டுல இருக்கு, தலையில இல்லை. எனக்குத் தெரிஞ்ச பாசிட்டிவ் அதுதான்.

மச்சினர் விஷயம் தனி ரகம். எக்ஸ்ரே ரிப்போர்ட்டை அவர்தான் வாங்கப் போனார். உறையைப் பிரிச்சு, படிச்சு, என் வீட்டம்மாவுக்கு, அண்ணனுக்கு, கோயமுத்தூர்ல இருக்கற பெரியப்பா பையனுக்கு எல்லாம் ஃபோன் போட்டாச்சு. என்கிட்ட மட்டும் "ஒண்ணும் இருக்காது மாமா". உண்மையிலேயே அதுல புதுசா ஒண்ணும் இல்லை, சளியிலயும் கிருமி இல்லை. ஆனா நான் அவரை நம்பலையே! ஏன்னா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும். பாசம்தான், இல்லேங்கலை. ஆனா எல்லாத்துக்கும் ஒரே பதில் சொல்ற ஆள்கிட்டேர்ந்து நல்ல சேதி வந்தாலும் அது சேதியா வந்து சேர மாட்டேங்குதே. நம்ம ஊர் டாக்டர்களும் இதுக்கு உடந்தை. "பேஷண்ட் கொஞ்சம் வெளில இருங்க"ன்னுட்டு கூட வந்தவங்ககிட்ட பேசறது. என் நுரையீரல், என் காசு, நான் வராண்டாவுல.

ஸ்கேனை முன்னுக்குத் தள்ளியாச்சு, வர்ற வியாழக்கிழமை. பழைய சி.டி.யோட ஃபிலிம், அதோட டிஸ்க், பீரோவுக்கு அடியிலேர்ந்து தேடி எடுத்த ஒரு பழைய எக்ஸ்ரே எல்லாம் பைக்குள்ள இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லைன்னா புதுப் படம் பாதிதான் பேசும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நோட்டும் உள்ள. மச்சினர் கூட வர்றார், வண்டி அவரோடது. ரிப்போர்ட் வாங்கற நேரத்துல கேன்டீன்ல காபி சாப்பிட்டுட்டு இருக்கறதா ஒப்பந்தம்.