வயர் மாறும், வழி இருக்கட்டும்





வீடு கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் பெரும்பாலும் காலம் கடந்தே வருகிறது. பெயின்ட் அடித்து, கிரகப்பிரவேசமும் முடிந்து, டிவியைச் சுவரில் மாட்டுகிற அன்றுதான் அது வருகிறது: “இந்த வயரையெல்லாம் எங்கே மறைப்பது?” அழகுக்காக மட்டும் கேட்கிற கேள்வி அல்ல இது. தரையில் ஓடும் வயரில் வீட்டுப் பெரியவர்களின் கால் தடுக்குகிறது. தவழும் குழந்தை பிடித்து இழுக்கிறது. பரணோரம் ஓடும் வயரை எலி கடிக்கிறது. வயர் ஒழுங்காக ஓடும் வீடு, அதில் வாழ்கிறவர்களுக்குப் பாதுகாப்பான வீடு.

எந்த வயரைப் புதைப்பது என்று யோசிப்பதற்கு முன், வயர்களின் ஆயுளைப் பார்ப்போம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து தட்டையான ரிப்பன் வயர் ஜன்னல் வழியே இறங்கியது. பிறகு உருண்டையான கோஆக்சியல் கேபிள், தொண்ணூறுகளில் தெருக் கம்பங்களிலிருந்து கேபிள் டிவி இணைப்பு, அடுத்து டிஷ், இன்று ஃபைபர். டிவியையும் செட்-டாப் பெட்டியையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் வந்த 2.0 வகை நொடிக்கு 18 கிகாபிட் சுமந்தது. 2017-இல் 2.1 வந்தபோது அது 48 ஆனது. 2025-இல் வந்த 2.2-இல் 96. நாம் கட்டும் சுவரோ ஐம்பது ஆண்டுக்கு மேல் நிற்கப் போகிறது. அதனால் வயரை நேரடியாகச் சுவருக்குள் வைத்துப் பூசாதீர்கள். காலிப் பைப்பைப் புதையுங்கள். இன்றைய வயரை அதற்குள் இழுத்துக்கொள்ளலாம். நாளை அதை உருவிவிட்டுப் புதியதை நுழைக்கலாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்த செய்தி இதுதான். மற்றதெல்லாம் அதைச் செய்யும் முறை.

முதல் வாய்ப்பு தளம் போடும் நாளுக்கு முன் வருகிறது. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடிந்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு ரூஃப் பைப் போடுவார்கள். பல வீடுகளில் எலக்ட்ரீஷியனுக்கு இதற்குக் கிடைப்பது ஒரு மாலைப்பொழுதுதான். ஃபேன், லைட் பாயின்ட்டுகளோடு அவசரமாக வேலை முடிந்துவிடுகிறது. அவருக்கு ஒரு முழுப் பகல் கொடுங்கள். ஹாலில் டிவி எங்கே, பின்பக்க ஸ்பீக்கர் எங்கே, புரொஜெக்டர் வைக்கும் எண்ணம் உண்டா என்பதைச் சாக்பீஸால் பலகையிலேயே குறித்துக் காட்டுங்கள். பைப் முனைகளையும் பாக்ஸ் வாய்களையும் நன்றாக அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சிமென்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிடும். அப்படி அடைத்துக்கொண்ட பைப் எதற்கும் உதவாது.

ஐந்து அங்குலத் தளத்துக்குள் தடித்த பைப்பைப் படுக்க வைக்கக் கூடாது, தளம் பலவீனமாகும். அங்கே 20 அல்லது 25 மி.மீ. பைப் போதும். கீழ் வீட்டிலிருந்து மாடிக்குப் பெரிய வழி வேண்டுமானால், பொறியாளர் காட்டும் இடத்தில் தளத்தின் ஊடாக நேராக நிற்கும்படி ஒரு பைப் துண்டை முன்பே வைத்துவிடலாம். கான்கிரீட் போட்ட பிறகு துளை போடுவதென்றால் உள்ளே கம்பி எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். பீமையும் தூணையும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டவே கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தளமும் தூணும் எல்லோருக்கும் பொது என்பதால், சங்கத்தின் அனுமதி இல்லாமல் துளையிடும் மெஷினைக் கொண்டுவராதீர்கள்.

சுவரில் காடி வெட்டுவதற்கும் அளவு உண்டு. பாரம் தாங்கும் செங்கல் சுவரில் மேலிருந்து கீழாக வெட்டும் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கையாக வெட்டுவது ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 1905 என்னும் இந்தியத் தர விதி. ஒன்பது அங்குலச் சுவரில் நேர்க்காடி மூன்று அங்குலம் வரை போகலாம். படுக்கையாக ஒன்றரை அங்குலம்தான். அதனால் வயரை முடிந்த மட்டும் தளத்திலிருந்து நேராகக் கீழே இறக்குங்கள். நாலரை அங்குலச் சுவர் என்றால் அதை ஆழமாக வெட்டாமல், டிவிக்குப் பின்னால் மரப் பேனல் அமைத்து அதற்குள் வயரை ஓட விடுவது நல்லது. காடியை அடைக்கும்போது மேலே கோழி வலை வைத்துப் பூசினால் பின்னால் விரிசல் ஓடாது.

பைப்பின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பீக்கர் வயரையும் கேட்-6 நெட்வொர்க் கேபிளையும் டிஷ்ஷுக்கான ஆர்.ஜி.-6 கேபிளையும் முனை இல்லாமல் இழுத்துவிட்டுப் பிறகு முனையை மாட்டலாம். அவற்றுக்குச் சிறிய பைப் போதும். எச்.டி.எம்.ஐ. கேபிள் தலையோடு வருகிறது. அந்தத் தலை 25 மி.மீ. பைப்பின் வளைவில் திரும்பாது. டிவிக்குப் பின்னாலிருந்து கீழ் அலமாரிக்கு இறங்கும் அந்த நாலைந்து அடிக்கு 50 மி.மீ. பைப் போடுங்கள். வளைவு வேண்டிய இடத்தில் எல்போ வேண்டாம், அகலமான பெண்ட் போடுங்கள். ஒரு பாக்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு பெண்ட்டுக்கு மேல் வந்தால் வயர் இழுபடாது. இடையில் இன்னொரு பாக்ஸ் வையுங்கள்.

தூரமும் முக்கியம். செம்புக் கம்பியாலான எச்.டி.எம்.ஐ. கேபிள், உயர்தரப் படத்துக்கு ஐந்து மீட்டர் அளவைத் தாண்டினால் தடுமாறத் தொடங்கும். புரொஜெக்டர் போன்ற நீண்ட தூரத்துக்கு ஆப்டிக்கல் வகை இருக்கிறது. தலையைக் கழற்றி மாட்டும்படியும் அது கிடைப்பதால் சிறிய பைப்பிலும் போகும். ஆனால் அது ஒருவழிப் பாதை. எந்த முனை டிவிக்கு, எந்த முனை செட்-டாப் பெட்டிக்கு என்று பார்த்து இழுக்க வேண்டும். கேட்-6 கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும். கான்கிரீட் சுவர்கள் வைஃபையை மங்கச் செய்வதால், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கேட்-6 கேபிளுக்கான பைப்பைக் கண்டிப்பாக விடுங்கள்.

மின்சார வயரையும் இந்த வயர்களையும் ஒரே பைப்பில் போடுவதை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் நேராக டிவிக்கும் ஸ்பீக்கருக்கும், அவற்றைத் தொடும் கைக்கும் வந்துவிடும். பக்கத்தில் ஓடினாலே ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் ஏறலாம். இரண்டுக்கும் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்கத்தான் வேண்டுமென்றால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும். பாக்ஸும் தனித்தனியாக இருக்கட்டும். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பைப்பின் வாய் கீழ்நோக்கி வளைந்திருந்தால் மழைநீர் வயரோடு வீட்டுக்குள் வராது.

பழைய வீட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும், ரெட் ஆக்சைடு தரையையும், சுண்ணாம்புச் சுவரையும் வெட்டினால் அதே போல் மறுபடி பூசித் தருபவர்கள் கிடைப்பது அரிது. மெட்ராஸ் டெரஸ் கூரையின் உத்தரக் கட்டைகளின் பக்கவாட்டிலோ, ஸ்கர்ட்டிங் மேலோ கேசிங்-கேப்பிங் (மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை) அடித்துச் சுவர் நிறத்தையே பூசினால் கண்ணுக்கு உறுத்தாது. வாடகை வீட்டுக்கும் ஒட்டும் வகைக் கேசிங் போதும்.

வேலை முடிகிற நேரத்தில் மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஒவ்வொரு காலிப் பைப்பிலும் நைலான் கயிறு ஒன்றை விட்டு வையுங்கள். கட்டுக்கம்பியை விட்டால் அது துருப்பிடித்து அறுந்துவிடும். கான்கிரீட்டுக்கு முன்பும் பூச்சுக்கு முன்பும் ஒவ்வொரு சுவருக்கும் டேப் பிடித்து, அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். எந்தப் பைப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பின்னாளில் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கும், புது வயர் இழுக்க வரும் எலக்ட்ரீஷியனுக்கும், அந்த வீட்டில் வளரப்போகும் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தத் தாள் பயன்படும்.

இந்த மாதம் தளம் போடவிருக்கும் வாசகர்கள், இந்தப் பக்கத்தை உங்கள் எலக்ட்ரீஷியனோடும் மேஸ்திரியோடும் உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். உங்கள் வீட்டின் சுவரும் கம்பியும் அவர்கள் கைக்குத் தெரியும். ஒரு மீட்டர் பைப்பின் செலவு, பூசி முடித்த சுவரை மறுபடி வெட்டிப் பூசி பெயின்ட் அடிக்கும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை. கான்கிரீட் வருவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்