அயலார் இட்ட பெயர்

ஒரு மக்களுக்குரிய கலை அயன்மொழிப் பெயர் தாங்குதல் இழிவென்று கருதுவார் உளர். ஐரோப்பிய ஆடல்கள் சிலவற்றின் பெயர்களை ஆராயுங்கால், அக்கருத்து முற்றும் பொருந்தாமை விளங்கும்.

பிரெஞ்சு மொழியில் நாட்டினத்தைக் குறிக்கும் அடைமொழிகட்கு ஆண்பால், பெண்பால் வடிவங்கள் உண்டு. போலந்து நாட்டவனைப் 'பொலொனே' என்றும், அந்நாட்டவளைப் 'பொலொனேஸ்' என்றும் வழங்குவர். ஆடலைக் குறிக்கும் 'தான்ஸ்' என்னுஞ் சொல் அம்மொழியிற் பெண்பாலாதலின், அதற்கு அடையாய் வருவதும் பெண்பால் வடிவே. நாளடைவில் 'தான்ஸ்' மறைய, அடைமொழியே ஆடற்பெயராய் நின்றது. இது நம் ஆகுபெயரோடு ஒருபுடை ஒப்புமை உடையது. ஜெர்மானியரைச் சுட்டும் 'அல்மாந்த்', ஸ்காட்லாந்தியரைச் சுட்டும் 'எக்கொசேஸ்' என்னும் ஆடற்பெயர்களும் இவ்வாறு அமைந்தனவே.

இத்தகைய பெயரெல்லாம் பிறப்பிடத்திற்குச் சான்றாகா. பீத்தோவனும் ஷூபர்ட்டும் எக்கொசேஸ் இசை பல இயற்றினர். எனினும் அவ்வாடல் ஸ்காட்லாந்திற் பிறந்ததன்று என்பதே இசையறிஞர் பலரின் துணிபு.

பொலொனேஸின் வரலாறோ வேறு. ஆடுவோர் இணையிணையாக அணிவகுத்து, மும்மைத் தாளத்திற்கிசையப் பெருமிதத்தோடு நடந்து செல்லும் ஆடல் இது. போலந்து நாட்டிற்கே உரியது. 1795-ஆம் ஆண்டில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்றும் எஞ்சிய போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. பின்னர் 1918 வரை, 123 ஆண்டுகள், அந்நாடு தன்னுரிமை அரசாக இல்லை. அவ்விருண்ட காலத்திற் பிறந்தவரே இசைப்புலவர் ஷோப்பின். அவர் ஏழாண்டுச் சிறுவராயிருந்தபோது, 1817-இல், வார்சா நகரில் வெளிவந்த அவர்தம் முதற் படைப்பே ஒரு பொலொனேஸ். 1831-இற் பாரிஸ் சேர்ந்த பின்னரும் அப்பெயரால் இசை பல இயற்றினார். தேசப்படத்தினின்றும் நீக்கப்பட்ட நாட்டின் பெயர், அவ்விசை நிகழுந்தோறும் அயல்நாட்டு மாளிகைகளில் ஒலித்தது. அயலார் இட்ட சொல்லே அம்மக்களின் நினைவுக்கு அரணாயிற்றன்றோ!

போலந்தியர் அச்சொல்லைத் தம் நாவிற்கேற்பப் 'பொலோனெஸ்' எனத் திரித்துத் தமதாக்கிக்கொண்டனர். பள்ளியிறுதித் தேர்வுக்கு ஏறக்குறைய 100 நாள் முன்னர் நிகழும் விருந்தை அந்நாட்டு மாணவர் இன்றும் இவ்வாடலோடு தொடங்குகின்றனர். 2023-இல் யுனெஸ்கோ நிறுவனமும் இதனைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது.

ஆதலின், மாணவ நண்பர்காள், பெயரை இட்டவர் யாவர் என்னும் வினாவோடு நின்றுவிடற்க. அப்பெயருக்குரிய கலையைப் பேணுவார் உளரோ என்றும் வினவுக. பேணுவார் இல்லாத கலையின் பெயர், தாய்மொழியதாயினும், நூலில் உறங்கும். பேணுவார் உளராயின், அயன்மொழிப் பெயரும் அவர்க்கே உரியதாகும்.