வலி அன்று, குடைச்சல்

என் விடுதித் தோழி ஒருத்தி ஓராண்டுக் காலம் இரவில் படுக்கவே அஞ்சினாள். படுத்த சிறிது நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கும். காலை அசைத்தால்தான் தணியும். நள்ளிரவில் எழுந்து வராந்தாவில் நடப்பாள். அவள் வீட்டில் அதற்குக் 'குடைச்சல்' என்று பெயர். தமிழறியாத மருத்துவரிடம் அதைப் 'பெயின்' என்றாள். கிடைத்தது வலி மாத்திரை. பிறகு ஒரு விளம்பரத்தைக் கண்டு, உதவித்தொகைப் பணத்தில் ஆறு அமர்வுகள் மனோவசியச் சிகிச்சைக்குச் சென்றுவந்தாள். தூக்கம் சற்றே மேம்பட்டது, கால் அடங்கவில்லை.

'அமைதியற்ற கால்கள்' எனும் இக்கோளாற்றை 1945இல் விரிவாக விவரித்துப் பெயரிட்டவர் சுவீடன் நரம்பியலாளர் கார்ல் ஆக்சல் எக்பொம். இன்றும் அதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை ஏதுமில்லை. நோயாளி சொல்லும் சொல்லே சான்று. ஓய்வில் கூடுகிறதா, அசைத்தால் குறைகிறதா, மாலைக்குப் பின் மிகுகிறதா என்று கேட்டறிய வேண்டும். குடைச்சலை வலி என்று பெயர்த்தால் நோயே கைநழுவிவிடுகிறது.

மனோவசியத்துக்கும் சொல்லே கருவி. அதன் ஆங்கிலப் பெயரைப் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டு, கிரேக்கத்தில் தூக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதை எடுத்தார். அந்நிலை தூக்கமன்று என உணர்ந்து பின்னர் வேறு பெயர் முன்மொழிந்தும் பழையதே நிலைத்தது. நாமோ 'வசியம்' சேர்த்தோம். ('அறிதுயில்' என்ற நல்ல சொல் அகராதியிலேயே உறங்குகிறது.) ஒருவர் ஆட்டுவிக்க மற்றவர் ஆடும் வித்தை அல்ல அது, தளர்வும் கூர்ந்த கவனமும் கூடிய விழிப்புநிலை. 'இன்றும் தூக்கம் வராது' எனும் அச்சத்தை அது தணிக்கக்கூடும். அதை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் கால் குடைச்சலைப் போக்கும் என்பதற்கு ஆதாரம் மிக மெலிது.

இக்கோளாறு உள்ளோர் பலரிடம் மூளையில் இரும்புச்சத்துக் குறைவு காணப்படுகிறது. ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே ஃபெரிட்டின் தாழ்ந்திருக்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இத்தகைய நாட்டில் ஃபெரிட்டின் அளவைக் கேளாமலே அமர்வுக் கட்டணம் வாங்குவது அறமன்று. சில ஒவ்வாமை மாத்திரைகளும் மனச்சோர்வு மருந்துகளும் குடைச்சலைக் கூட்டும். அவற்றையும் முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

தோழிக்கு ஃபெரிட்டின் குறைவென்று தெரிந்தது, ஏழாம் அமர்வுக்குப் பணம் கட்டவிருந்த வாரத்தில். மருத்துவர் மேற்பார்வையில் இரும்புச்சத்து எடுத்துக்கொண்டு சில மாதங்களில் வராந்தா நடை அரிதாயிற்று. சிகிச்சையாளர் பதிவுசெய்து தந்த ஒலிப்பதிவை மட்டும் விடவில்லை. இன்றும் அதைக் கேட்டுக்கொண்டே உறங்குகிறாள்.